என் கையை அவளிடம் காட்டலாமா?

பாம்பன் பாசிக்காரி:
எனக்கு 47 வயது. 13 வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவள். 2021இல் இடது மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன், கீமோ, அப்புறம் கரண்டு என்கிற கதிர்வீச்சு. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். "அந்தக் கையில காயம் படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். என் ஃபைலில் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று இருக்கிறது. குறை சொல்லவில்லை, பாசி எடுப்பது என்னவென்று அங்கே யாருக்குத் தெரியும்? மரிக்கொழுந்துப் பாசி கடலடிப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பிய்க்க வேண்டும். முருகைக்கல் கீறாத நாளே கிடையாது.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி கடலுக்குப் போனேன். நாலாவது மாதம் ஒரு கீறல் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து, கை வீங்கிவிட்டது. காய்ச்சல் போனது, வீக்கம் முழுதாக வடியவில்லை. இடது கையில் வளையல் ஏறாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் ஒரு பெண், 34 வயது, இரண்டு பிள்ளைகள், அவளும் பாசிக்காரி. போன வாரம் அதே நோய் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மாமியார் வந்து, "நீதான் பொழைச்சு நடமாடுறியே தாயி, ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ" என்றார். கடலுக்குப் போடுகிற வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போனேன், கை தெரியக் கூடாதென்று. அவள் முடியைப் பற்றிக் கேட்கவில்லை, சாவைப் பற்றியும் கேட்கவில்லை. "திரும்பக் கடலுக்குப் போனீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். போனேன் என்றேன். பொய்யில்லை. ஆனாலும் வரும் வழியெல்லாம் சட்டைக்குள் கை கனத்தது.

புதன்கிழமை அவளை அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்பே காட்டிவிடவா, ஆபரேஷன் முடியட்டும் என்று இருக்கவா?

தொண்டிக்காரி:
முன்னால் வேண்டாம் அக்கா. எனக்கு ஆறு வருஷம் ஆகிறது. முதல் கீமோ அன்று பக்கத்துக் கட்டில் ஆச்சி, நகம் கறுக்கும், வாய் புண்ணாகும், நாக்கு செத்துப்போகும் என்று மொத்தத்தையும் ஒப்பித்துவிட்டார். நல்ல மனசுதான். நான் ராத்திரி முழுக்க நகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இன்னொரு அக்கா சொன்னது ஒன்றுதான்: "முடியை இப்பவே கட்டையா வெட்டிக்க. ரெண்டு மூணு வாரத்துல கொத்துக் கொத்தா வரும், நீளமா இருந்தா தலகாணியில பாக்க முடியாது." அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சாயல்குடி தம்பி:
எதற்கு அந்தப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டும்? கடலே வேண்டாம், வேறு வேலை பார் என்று சொல்லிவிடுங்கள்.

பாம்பன் பாசிக்காரி:
எந்த வேலை என்று ஊர் பேரோடு எழுதுங்கள் தம்பி, நானும் வருகிறேன். கரையில் உட்கார்ந்து, மிதவையில் வளர்க்கிற பெப்சி பாசி விதையைக் கயிற்றில் கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மிதவை விளைய 45 நாள். கட்டுகிற அன்றைக்குத்தான் கூலி.

மண்டபம் நர்ஸ்:
தொண்டி அக்கா சொல்வது கீமோவுக்குச் சரி. கை விஷயம் வேறு, இதை ஆபரேஷனுக்கு முன்னால் பேசினால்தான் பலன். அக்குளில் எவ்வளவு எடுக்கப்போகிறார்கள் என்று அவள் கேட்கட்டும். நோய் பரவினால் முதலில் போய்ச் சேருகிற நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுகிற முறை இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்தினால் கை வீங்குகிற வாய்ப்பு குறைவு. முழுதாக எடுத்தாலும் எல்லோருக்கும் வீங்குவதில்லை. ஆனால் சிலருக்குப் பல வருஷம் கழித்தும் வரும்.

கீறல் பட்டால் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பாசிச் சாக்கே தூக்காதே என்றும் சொல்லிவிடாதீர்கள். முன்பு நாங்களும் அப்படித்தான் சொல்வோம். எடையை மெல்ல மெல்லக் கூட்டிப் பழகினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தபின் அந்தப் பேச்சு மாறிவிட்டது. நீங்களும் அளவெடுத்து ஒரு பிரஷர் ஸ்லீவ், கையை இறுக்கிப் பிடிக்கிற உறை, வாங்கி மாட்டுங்கள் அக்கா. வீட்டுக்காரர் சட்டை அதற்கு ஆகாது.

பாம்பன் பாசிக்காரி:
திங்கட்கிழமை போய் வந்தேன். நர்ஸம்மா சொன்னதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அவளே, "இந்த வெயில்ல எதுக்குக்கா முழுக்கை?" என்று கேட்டுவிட்டாள். சட்டையை மடித்துவிட்டேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. வலிக்குமா என்றாள். கனக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ரெண்டு சாக்கு எடுத்த இடத்துல ஒன்னாவது எடுக்கலாமா?" என்று கேட்டாள். ஒன்று எடுக்கலாம் என்றேன்.

சீட்டை வாங்கி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை காலை பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன். தொழில் என்ன என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.