‘டைப்போஸ்குவாட்டிங்’: பதுக்கலா, பதுங்கலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புகழ்பெற்ற இணைய முகவரியையோ மென்பொருளையோ ஒத்த பெயரைப் பதிந்துவைத்து, ஏமாந்து வருவோரைப் பிடிக்கும் மோசடிக்கு ஆங்கிலத்தில் ‘டைப்போஸ்குவாட்டிங்’ என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தட்டச்சுப்பிழைக் குந்தல், எழுத்துப்பிழை ஆக்கிரமிப்பு, போலிப்பெயர்ப் பதிவு. நான்காவதாக ஓர் அன்பர் ‘பிழையில் பிழைத்தல்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அடுத்தவர் பிழையை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு மொழியில் அமையாது. சிரித்துவிட்டு, அதையும் சேர்த்து நான்கையும் மறுக்கிறேன்.

‘குந்தல்’ எளிதில் போய்விடும். ஆளில்லாத வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொள்வதை ஆங்கிலம் ‘ஸ்குவாட்டிங்’, அதாவது குந்துதல், என்கிறது. தமிழில் குந்துவதற்கு அந்தக் குற்றப்பொருள் கிடையாது. திண்ணையில் குந்தியிருப்பவரை யாரும் சைபர் குற்றப்பிரிவில் ஒப்படைப்பதில்லை. ‘ஆக்கிரமிப்பு’ ஏரி, புறம்போக்கு என்று செய்தித்தாள்கள் நமக்குப் பழக்கிய நல்ல சொல்தான். ஆனால் ஏரியை ஆக்கிரமிப்பவர் ஊரறியச் செய்கிறார், மின் இணைப்பும் வாங்கிவிடுகிறார். நம் ஆள் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை. காலியாகக் கிடந்த பெயரை விதிப்படி பதிவு செய்கிறார். ‘போலிப்பெயர்’ என்பதிலும் இதே சிக்கல். பெயர் அசலானது, உள்ளே இருக்கும் நோக்கம்தான் போலி.

‘பிழை’யை ஏன் விலக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகளின் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்புகளின்) களஞ்சியமான பைபிஐயில் ‘கலராமா’ என்ற பொதி உண்டு. முனையத் திரையில் வண்ண எழுத்துகள் காட்ட உதவுவது. அமெரிக்க வழக்கப்படி அதன் பெயரில் ‘யு’ எழுத்து கிடையாது. 2018இல் ‘யு’ சேர்த்த இன்னொரு கலராமா பிடிபட்டது. விண்டோஸ் கணினியில் பயனர் நகலெடுக்கும் பிட்காயின் முகவரியை அது சத்தமில்லாமல் திருடனின் முகவரியாக மாற்றிவிடும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலம் படித்த நம் எல்லோருக்கும் ‘யு’ போட்டு எழுதுவதுதான் சரியான எழுத்துக்கூட்டல். அதை விட்டால் மதிப்பெண் குறைத்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் நாம். ஆக, ஒழுங்காகப் படித்தவர்தான் திருட்டுக் கொடுத்தார். இதில் பிழை எங்கே?

மறுபுறம், பிழை மட்டுமே இருந்து திருடன் இல்லாத கதையும் உண்டு. அமெரிக்க இராணுவ மின்னஞ்சல் முகவரிகள் ‘டாட் மில்’ என்று முடியும். நடுவில் ஓர் ‘ஐ’ விடுபட்டால் அது மாலி நாட்டின் ‘டாட் எம்எல்’. 2023இல் ஜனவரி முதல் ஜூலைக்குள் மட்டும் அப்படி வழிதவறிய மடல்கள் ஏறத்தாழ 1,17,000. அப்போது அந்த நாட்டுக் குறியீட்டை நிர்வகித்துவந்த டச்சுக்காரர் பல ஆண்டுகளாக அமெரிக்காவுக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். உலகின் மிக வலிமையான படை, தன் தபாலை மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தானே அனுப்பிவைத்துக்கொண்டிருந்தது. உளவுத்துறைகளுக்கு இவ்வளவு மலிவாக யாரும் வேலை மிச்சம் செய்து கொடுத்ததில்லை.

அது போதாதென்று மாலியின் பக்கத்து நாடான நைஜரும் வரிசையில் வந்து நின்றது. மாஸ்டர்கார்டின் இணைய முகவரிகளுக்கு வழிகாட்டும் பெயர்ச் சேவையகப் பதிவு ஒன்றில் ‘டாட் நெட்’ என்பதன் கடைசி எழுத்து விழுந்துபோய், 2020 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை நைஜரின் ‘டாட் என்இ’யைச் சுட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஆய்வாளர் ஃபிலிப் காதுரெக்லி 300 டாலர் செலவழித்து அந்தப் பெயரைத் தாமே பதிந்துவைத்தார், கெட்டவன் முந்திக்கொள்வதற்குள்.

கலராமாவில் பிழை இல்லை, திருடன் உண்டு. மாலியில் பிழை உண்டு, திருடன் இல்லை. எனவே பிழையும் இந்தக் குற்றமும் வேறுவேறு. பெயர் வைக்கும்போது தட்டச்சு செய்தவரின் விரலைப் பிடித்து இழுக்காமல், மறைந்திருப்பவன் செய்யும் செயலுக்குப் பெயர் வைப்போம்.

என் பரிந்துரை: பெயர்ப்பதுங்கல். செய்பவர் பெயர்ப்பதுங்கி.

இதை எழுதும்போதே இதன் உறவுக்காரச் சொல் ஒன்றும் கிடைத்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெயரில் இணைய முகவரியை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு கூடுதல் விலைக்கு அவர்களிடமே விற்கப் பார்ப்பது ‘சைபர்ஸ்குவாட்டிங்’. 1999இலேயே அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றியது. அரிசியை மறைத்துவைத்து விலையேற்றுவதற்கு நம்மிடம் இருக்கும் அதே சொல் இதற்கும் பொருந்தும்: பெயர்ப்பதுக்கல். பொருளை ஒளித்தால் பதுக்கல், தான் ஒளிந்தால் பதுங்கல். இரண்டுக்கும் ஒரே ஒரு மெய்யெழுத்துத்தான் வேறுபாடு. நாளைக்கு யாராவது நம் கலைச்சொல்லையே தப்பாகத் தட்டினால் இன்னொரு கலைச்சொல்லில் போய் விழுவார்கள். இந்தத் துறைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

பழைய நிகழ்வுகளில் சொல் நிற்கிறதா என்று பார்த்தேன். 2016இல் ஹம்பர்க் பல்கலைக்கழக மாணவர் நிகோலாய் சாகர், தன் இளநிலை ஆய்வேட்டுக்காகப் புகழ்பெற்ற பொதிகளின் பெயரை ஒத்த 214 பெயர்களில் தீங்கில்லாத பொதிகளை ஏற்றினார். 17,000க்கு மேற்பட்ட கணினிகளில் அவை ஓடின. அது பதுங்கல். 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம்மில் ‘கிராஸ்-என்வ்’ என்ற பெயரின் இடைக்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒருவர், கடவுச்சொற்கள் போன்றவை வைக்கப்படும் சூழல் மாறிகளைத் திருடினார். அதுவும் பதுங்கல். 2019இல் பிடிபட்ட ‘ஜெல்லிஃபிஷ்’ பொதியில் சிறிய ‘எல்’ நிற்க வேண்டிய இடத்தில் பெரிய ‘ஐ’ நின்று, தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளைக் கொண்டுபோனது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே குச்சி. கண்ணுக்கே தெரியாததைப் பிழை என்று சொல்ல முடியாது. பதுங்கல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி இழையைத் தொடங்கிவைத்த கேள்வி. 2025 ஏப்ரலில் பைத்தான் அறக்கட்டளையின் சேத் லார்சன் உருவாக்கிய ‘ஸ்லாப்ஸ்குவாட்டிங்’ என்ற சொல்லுக்கு என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தரும்போது, இல்லாத பொதியை இருப்பதாகச் சொல்லி நிறுவச் சொல்கிறது. திருடன் அந்த இல்லாத பெயரில் போய் உட்கார்ந்துகொள்கிறான். முன்பெல்லாம் அவன் நம் விரல் தவறும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நம் உதவியாளரே நிரலும் எழுதி, திருடன் வீட்டு முகவரியும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்.

செயற்கை நுண்ணறிவு கொட்டும் குப்பையைக் குறிக்கும் ‘ஸ்லாப்’ என்பதற்குக் ‘கழுநீர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி நெருக்கமானதுதான். ஆனால் அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு நல்ல ஆகாரம். அதை இதோடு சேர்த்து இழிவுபடுத்த வேண்டாம். இல்லாததை இருப்பதாகச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஹாலுசினேஷன்’ என்பதால், ‘மாயத்தோற்றம்’, ‘பிரமை’ என்றும் பரிந்துரைகள் வந்தன. பிரமை காண்பவருக்கு நேர்வது. இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எதையும் காணவில்லை, பேசுகின்றன. நிதானமில்லாமல், ஆனால் முழு நம்பிக்கையோடு பேசுவதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: உளறல். எனவே உளறல்பெயர்ப் பதுங்கல். (‘உளறற்பெயர்’ என்று புணர்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படிப் புணர்த்திய நாளோடு இந்தச் சொல்லுக்குக் காரியம் செய்துவிடலாம்.)

இதற்கு வரக்கூடிய நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. உளறல் என்றால் நிலையற்றது அல்லவா, இன்று ஒன்று, நாளை ஒன்று? அப்படி இருந்தால் திருடனுக்குப் பதுங்க இடம் கிடைக்காதே? ஆய்வு சொல்வது வேறு. 2025இல் வெளியான அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 16 மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல்துண்டுகள் எழுதவைத்தார்கள். சொல்லப்பட்ட பொதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இல்லாதது. தனித்தனிப் பெயர்களாக எண்ணினால் 2,05,474. உளறல் வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்து மீண்டும் பத்து முறை கேட்டபோது, 43 விழுக்காட்டுப் பெயர்கள் பத்து முறையும் மாறாமல் திரும்பி வந்தன. உளறலிலும் இவ்வளவு ஒழுக்கம்! திருடனுக்கு வேண்டியதும் அதுதான். அதற்கு முன்பே பார் லன்யாடோ என்ற ஆய்வாளர், மாதிரிகள் அடிக்கடி உளறிய ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற பெயரில் வெற்றுப் பொதி ஒன்றை ஏற்றிவைத்தார். மூன்று மாதங்களில் 30,000க்கு மேல் பதிவிறக்கம். உள்ளே எதுவுமே இல்லாத மென்பொருளுக்கு இந்த வரவேற்பு. நம்மில் பலர் உயிரைக் கொடுத்து எழுதிய தமிழ்ப் பொதிகளுக்கு இது கிடைத்ததில்லை என்பதைப் பொறாமையோடு பதிவு செய்கிறேன்.

‘டிபெண்டன்சி கன்ஃப்யூஷன்’ இந்தக் குடும்பத்தில் சேராது. 2021இல் அலெக்ஸ் பிர்சான் காட்டியது அது: நிறுவனம் உள்ளுக்குள் பயன்படுத்தும் பொதியின் அதே பெயரில், பொதுக் களஞ்சியத்தில் உயர்ந்த பதிப்பெண்ணோடு இன்னொன்றை வைத்தால், பொதிகளை நிறுவித் தரும் மென்பொருள் பொதுவில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். ஒத்த பெயர் அல்ல, அதே பெயர். தேர்வு மையங்களிலும் வாக்குச்சாவடிகளிலும் இதன் பெயர் ஆள்மாறாட்டம், இங்கே பொதிமாறாட்டம். இதை நீட்டி விவாதிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தமிழ் எழுத்திலேயே பதுங்க எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் அகராதிப் பதிவில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம். ‘க’வும் தமிழ் எண் ஒன்றும், ‘உ’வும் இரண்டும், ‘எ’வும் ஏழும், ‘அ’வும் எட்டும் பார்வைக்கு ஒன்று, யூனிகோடுக்கு வேறு. ஔவையை ஒகரமும் ளகரமும் போட்டு ‘ஒளவை’ என்று எழுதுவோரின் எண்ணிக்கையைப் பார்த்தால், பாட்டி பெயரில் பொதி வெளியிடுகிறவர் இரண்டையும் சேர்த்தே பதிந்துவைப்பது நல்லது.

கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அண்ணன் தனிமடலில் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். பதுங்குதல் என்றதும் அவர்களுக்குப் பதுங்கு குழிதான் நினைவுக்கு வருகிறது. குண்டுக்கு அஞ்சி ஒளிந்தவர்களின் சொல்லைத் திருடனுக்குக் கொடுப்பதா என்று கேட்கிறார். மாற்றாகப் ‘பெயர்க்கண்ணி’ என்று அவரே முன்மொழிந்து, கண்ணியிலும் கண்ணிவெடி இருக்கிறதே என்று அவரே திரும்பப் பெறவும் பார்க்கிறார். பதுங்கு என்ற வினைக்கு அஞ்சி ஒளிதலும் உண்டு, இரைக்காக மறைந்து காத்திருத்தலும் உண்டு. நான் இரண்டாவதைக் கொண்டுதான் பரிந்துரைத்தேன். ஆனாலும் ‘கண்ணி’யை விட எனக்கு மனமில்லை. செயலுக்குப் பெயர்ப்பதுங்கல், அப்படி ஏற்றப்படும் பொதிக்குக் கண்ணிப்பொதி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் வேலைக்கு ஆகும். அண்ணன் இதற்குச் சம்மதித்தால் விக்சனரியில் ஏற்றலாம். சம்மதிக்காவிட்டால் வேறு வினை தேடுவோம்.

‘காம்போஸ்குவாட்டிங்’ இன்னும் பாக்கி இருக்கிறது. வங்கிப் பெயரோடு ‘உதவி’, ‘பாதுகாப்பு’ என்று ஏதாவது ஒட்டி முகவரி பதிகிறார்களே, அதற்கு ‘ஒட்டுப்பெயர்ப் பதுங்கல்’ போதுமா, நீளம் குறைக்க வழி உண்டா என்று சொல்லுங்கள்.

அன்புடன்.