வெளிக்களப் படிப்பு: மனதை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

நெல்லியடியான்:
யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். ஓஎல் (சாதாரணதரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வெளிக்களம் போன ஆட்களுக்கு மற்றதெல்லாம் தெரியும், குறிகட்டுவானில் படகு, தீவுக்குள் சைக்கிள், கிணறு கிணறாகத் தண்ணீரில் உப்பு அளக்கிற வேலை. ஆவணி மாதம், சோளகக் காற்று புழுதியைத் தூக்கி அடிக்கிறது. வெளியில் ஒரு சீமெந்துத் தொட்டி வற்றிக் கிடந்தது. ஒரு தாய்க்குதிரை தலையை உள்ளே விட்டு அடியில் காய்ந்து ஒட்டியிருந்த பாசியை நக்கிக்கொண்டு நின்றது. நாக்கு சீமெந்தில் உரசுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பக்கத்தில் குட்டி படுத்திருந்தது, விலா எலும்பை எண்ணலாம். எங்களிடம் ஆளுக்கொரு போத்தல் குடிதண்ணீர் இருந்தது. கூட்டிப்போன ஆசிரியர், எங்கள் சேர், "ஊத்த வேண்டாம், கொப்பியில எழுதுங்கோ" என்றார். நேரம், இடம், காற்றுத் திசை, பெண் குதிரை 1, குட்டி 1, தொட்டி வறட்சி என்று எழுதினோம். பார்க்கப் பழக்கினீர்கள், சரி சேர், பார்த்த பிறகு என்ன செய்கிறது? இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று இன்னும் இருக்கிறது.

வேலணை அண்ணா:
தம்பி, சேர் சொன்னது சரி. அந்த வெயிலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிள்ளைகள் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? அந்தக் கொப்பியைத் தீவில் பொறுப்பாக இருக்கிறவர்களிடம் கொடுத்திருந்தால் பிரயோசனம். அங்கே மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது, மெல்ல அள்ளினால் நல்ல தண்ணீர், மோட்டர் வைத்து இழுத்தால் கீழே இருக்கிற உப்பு ஏறிவிடும். சுண்ணாம்புக்கல் நிலம், வற்றாத ஆறு கிடையாது, யாழ் குடாநாட்டின் கதையே இதுதான். எங்களுக்கு நிலாவரைக் கிணற்றில் காட்டினார்கள். மேலே அள்ளினது நல்ல தண்ணீர், கயிற்றில் போத்தலைக் கட்டி ஆழத்தில் எடுத்தது கடல். வாயில் வைத்தவன் துப்பின துப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.
இனிப் போகிற பிள்ளைகளுக்கு: சேற்றுக்குள் செருப்போடு இறங்காதேயுங்கோ, உறிஞ்சி எடுத்துவிடும், பழைய கன்வஸ் சப்பாத்தை இறுக்கிக் கட்டுங்கோ, மட்டி ஓடு காலை வெட்டும். பென்சிலால் எழுதுங்கோ, பேனை மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) பக்கற் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். அளவெல்லாம் வெயில் ஏற முன்னம் முடிக்க வேண்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடிப் பலகை கண்டால் குருவி பார்க்கக்கூட உள்ளே கால் வைக்காதேயுங்கோ. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போய் இறங்கின உடனேயே கேட்டு வையுங்கோ.

திருநெல்வேலி அம்மா:
பொஸ்ரனில் இருக்கிற அண்ணாவின் மகள் 11ஆம் வகுப்பில் அரை வருடம் மெயின் மாநிலத்தில் விஸ்காசெற் என்ற ஊரில் போய்ப் படித்தவள். அந்த அரைவருடப் படிப்பு 1988 இல் தொடங்கினது. கணக்கு, சரித்திரம் எல்லாம் வழமைபோல உண்டு, அதோடு விறகு கொத்துவது, பண்ணை வேலை, கரையில் இறங்கிப் படிப்பது. லீவுக்கு வந்தபோது மண்டைதீவுக் கண்டல் பக்கம் கூட்டிப்போனேன். இறங்கின கையோடு சேற்றில் முழங்காலில் இருந்துவிட்டாள். கண்ணா மரத்தடியில் பென்சில் நட்டுவிட்டதுபோல, காற்று எடுக்க மேலே நிற்கிற மூச்சுவேர்கள், ஒன்றில் சின்ன நத்தை ஏறிக்கொண்டிருந்தது, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள். ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிற என் மகன் மூச்சுவேரை வடிவாக வரைவான், வரைவிலக்கணம் பிசகாமல் சொல்வான். அன்றைக்கு அதற்கு மேலேயே ஏறி நின்றுகொண்டு, "இதென்ன அம்மா, வெட்டின மரக்கட்டையே?" என்று கேட்டான். வீட்டுக்கு வரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. ஓஎல் முடிந்த அடுத்த திங்களே ரியூசனில் சேர்க்கிற தாய்தகப்பன் எல்லாரும் ஒருக்கால் யோசியுங்கள்.

மயிலிட்டிப் பெடியன்:
அக்கா, சொன்னது சரி, ஆனால் இதற்கு மெயின் வரை போகத் தேவையில்லை. எங்கள் குழுவில் ஒரு பெடியன், தகப்பன் கடற்றொழில், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். கடலேரிக்குள் வள்ளத்தில் போய் ஆழம் அளந்துகொண்டிருக்கிறோம், பாதிதான் முடிந்தது, காற்று சட்டென்று நின்றுவிட்டது. அவன் எழும்பி, "சேர், கச்சான் வரப்போகுது, திரும்புவம்" என்றான். கச்சான் என்றால் மேற்குக் காற்று, எங்களுக்கு மேற்கே ஒரு சின்னக் கறுப்புத்தான் தெரிந்தது. சேர் அவன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வள்ளத்தைத் திருப்பச் சொன்னார். கரை ஏறி வள்ளத்தைக் கட்டவில்லை, மழை அடித்துக் கொட்டினது, கடலேரி முழுக்க வெள்ளை.
கடைசியில் புள்ளி போட்டபோது அறிக்கைக்கு இத்தனை, படத்துக்கு இத்தனை, பேச்சுக்கு இத்தனை. அவனுக்கு எழுத்துப்பிழை நிறைய, எங்கள் எல்லாரிலும் குறைந்த புள்ளி. ஏஎல் வகுப்புக்கு அவன் வரவில்லை, இப்போது தகப்பனோடு தொழிலுக்குப் போகிறான். வேலணை அண்ணா சப்பாத்துப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், அந்தப் புள்ளித்தாளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். காற்று, நீரோட்டம், மீன் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதில் ஒரு கட்டம் போடச் சொல்லி வெளிக்களத்தை நடத்துகிறவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நீங்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதினால் அடுத்த குழுவுக்கு முன்னம் மாற்றுவார்கள்.