கலைச்சொல் தேவை: சங்கிலி ரம்பம் எகிறி அடிப்பதற்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

பூங்கா, மைதானம், வளாகத் தோட்டம் இவற்றைப் பராமரிக்கும் ஆட்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெயில், இரைச்சல், பூச்சிமருந்து பற்றிய பகுதிகள் முடிந்துவிட்டன. கிளை வெட்டும் பகுதியில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலி ரம்பத்தின் அலகு நுனி எதிலாவது இடித்தால், ரம்பம் சட்டென்று ஆளைப் பார்த்துத் திரும்பி அடிக்கும். 'கிக்பேக்' என்கிறார்கள். கையேட்டில் பல இடங்களில் வருகிறது, இயந்திரத்தில் ஒட்டும் எச்சரிக்கையிலும் வரும். அதனால் சின்னச் சொல்லாக வேண்டும். 'எதிர்விசைத் தாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். ரம்பம் பிடிப்பவர் அதைப் படித்து எதையும் கண்முன் கொண்டுவர முடியாது.

அன்புடன்

———

மறு: கலைச்சொல் தேவை

பின்னுதை. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

உதை முதனிலைத் தொழிற்பெயர். அடி, வெட்டு, இடி போல விகுதி இல்லாமலே செயலுக்குப் பெயராக நிற்கும். 'உதைப்பு', 'உதைத்தல்' என்று நீட்ட வேண்டாம். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்பது நன்னூல். அதன்படி பின் + உதை பின்னுதை ஆகும். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிப்பதற்கும் இதே சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் எற்று. எற்றுதல் உதைத்தலும் ஆகும், எறிதலும் ஆகும். காற்று பேச்சில் காத்து ஆனதுபோல எற்று எத்து ஆனது. 'காலால் எத்தினான்' என்று இன்றும் சொல்கிறோமே. வள்ளுவர் 'எற்றென்று இரங்குவ செய்யற்க' (655) என்பதில் உள்ள எற்று வேறு. அது எத்தன்மைத்து என்னும் பொருளது. அற்று, இற்று, எற்று என்ற வரிசையில் வருவது. 'என்ன காரியம் செய்துவிட்டோம்' என்று பிறகு வருந்தும்படியான செயலைச் செய்யாதே என்கிறார். இரண்டு எற்றையும் குழப்பக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். மீதியைத் தனி இழையில் எழுதுகிறேன்.

———

மறு: கலைச்சொல் தேவை

> பின்னுதை. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ஐயா, தேட வேண்டியிருக்கிறது. மரம் வெட்டும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். இந்தச் சொல்லை வைத்து நான் வகுப்பெடுத்தாக வேண்டும்.

சங்கிலி ரம்பம் மூன்று விதமாக ஆளை மீறும். அலகின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது ஓடும் சங்கிலி மரத்தைப் பற்றிக்கொண்டு ரம்பத்தை முன்னால் இழுக்கும். மேல்பக்கத்தால் அறுக்கும்போது வெட்டு இறுகிச் சங்கிலி மாட்டினால், ரம்பம் நேர்கோட்டில் ஆளை நோக்கித் தள்ளும். மூன்றாவதுதான் நாம் பேசுவது. அலகு நுனியின் மேல் கால்வட்டம் கிளையிலோ கட்டையிலோ இடிக்கிறது. சங்கிலி ஒரு கணம் அங்கே தடைபடுகிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்த விசை அலகையே தூக்குகிறது. அப்போது ரம்பம் நேராகப் பின்னால் வராது. மேலே எழும்பி, வளைந்து, முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பின்னுதை என்ற பெயர் இரண்டாவதற்குத்தான் பொருந்தும். நுனி இடிப்பதற்கு அந்தப் பெயரை வைத்தால் கேட்கிறவர் என்ன செய்வார்? பின்னால் வருவதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ரம்பத்துக்கு நேர் பின்னே உடம்பைக் கொண்டுவந்து நிற்பார். அங்கேதான் நிற்கக் கூடாது. அலகு எழும்பி வரும் பாதையை விட்டுச் சற்று இடப்பக்கம் விலகி நிற்க வேண்டும்.

இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். பலர் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு மேலேயே வைத்துப் பிடிக்கிறார்கள்; ரம்பம் துள்ளினால் பிடி நழுவிவிடும். பிடி நிலைத்தால், ரம்பம் எழும்பும்போது முன்காப்பு கையில் மோதிச் சங்கிலித் தடை விழ வாய்ப்பு உண்டு. தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே என்பதும் இதற்காகத்தான். ரம்பம் மேலே வரும் என்பது மனதில் பதிந்தவருக்கு இவை எல்லாம் தாமாகவே புரியும்.

வேலை செய்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'நுனி படாம பாத்துக்க, எகிறி அடிச்சிடும்.' ஆகவே என் சொல் எகிறல். மற்ற இரண்டுக்கும் முன்னிழுப்பு, பின்தள்ளல். மூன்றையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ஒன்றை மட்டும் தனியே எடுத்தால் மீண்டும் பின்னுதைக்கே வந்து நிற்போம்.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

எகிறு தெலுங்கு. அங்கே எகுரு என்றால் பறத்தல், துள்ளுதல். எழும்பு, துள்ளு என்று நம்மிடமே இருக்க, ஏன் அடுத்த வீட்டில் கேட்க வேண்டும்?

இழையின் தலைப்பே சரியில்லை. சங்கிலி வடமொழிச் சிருங்கலாவின் வழி வந்தது, தமிழ் தொடர். மரம் அறுப்பது ஈர்வாள். ஆக, கருவி தொடர்வாள். அது செய்வது மேலெற்று. ஐயா சொன்ன பழஞ்சொல்லும் வந்துவிட்டது, பயிற்சியாளர் கேட்ட திசையும் வந்துவிட்டது. புரியாது என்று சொல்ல வேண்டாம். புழங்கினால் புரியும். பேருந்தும் மிதிவண்டியும் அப்படித்தான் நிலைத்தன.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

'தொடர்வாள் நிற்கும் வரை காத்திரு' என்று எழுதினால் படிப்பவர் அதைப் பெண்பால் வினைமுற்றாகத்தான் எடுப்பார். அந்தச் சொல் வேண்டாம்.

மேலெற்றில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. எண்ணெயும் மரத்தூளும் படிந்த ஒட்டியில், சின்ன எழுத்தில், அதை மேலேற்று என்று படிக்க ஒரு கொம்பு வித்தியாசம் போதும். எச்சரிக்கை, ரம்பத்தை மேலே ஏற்றச் சொல்லும் கட்டளையாகிவிடும்.

எகிறு பற்றி: தெலுங்கிலும் கன்னடத்திலும் இணைச்சொல் இருப்பதை மட்டும் வைத்துக் கடன் என்று தீர்ப்பு எழுத முடியாது. மூன்றும் ஒரு குடும்ப மொழிகள். கடனாகவே இருந்தாலும், கேட்டவுடன் தலையைப் பின்னுக்கு இழுக்க வைக்கும் சொல்லை நான் விடமாட்டேன்.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

எல்லோருக்கும் நன்றி. மொழிபெயர்க்கும் எனக்கு இன்னொரு கேள்வி வந்துவிட்டது. புதர் வெட்டும் கருவியின் உலோகத் தகடு கல்லிலோ அடிக்கட்டையிலோ பட்டால் கருவி பக்கவாட்டில் வீசப்படுகிறது. அதற்கும் எகிறல் என்று போடலாமா?

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

போடாதீர்கள். திசை வேறு, ஆபத்தில் சிக்கும் ஆளும் வேறு. ரம்பம் பிடித்தவரையே தாக்கும். இது பக்கத்தில் நிற்பவரையும் வெட்டும். மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இந்தக் கருவிகளின் கையேடுகள் சொல்வதற்கு, தெறிக்கும் கல்லோடு இதுவும் காரணம். பக்கவீச்சு என்று வையுங்கள்.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

சரி, நேரம் இல்லை. இப்படிப் போடுகிறேன்: எகிறல், பின்தள்ளல், முன்னிழுப்பு, பக்கவீச்சு. முதலில் வரும் இடத்தில் 'எகிறல், அதாவது ரம்பம் எகிறி அடித்தல்' என்று விரித்து எழுதுகிறேன். கருவி சங்கிலி ரம்பமாகவே இருக்கும். பின்னுதையைச் சொல்லடைவில் சேர்த்து 'எகிறல் காண்க' என்று காட்டிவிடுகிறேன். சங்கிலித் தடை என்பது சங்கிலிக்கு வரும் இடையூறு என்று தோன்றுகிறதா, சங்கிலி பிரேக் என்றே விடலாமா? இதற்கு மட்டும் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

———

மறு: மறு: கலைச்சொல் தேவை

பிரேக் என்றே விடுங்கள், இருசக்கர வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும்.

எகிறலில் எனக்கு உடன்பாடில்லை. திசை பற்றிப் பயிற்சியாளர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பந்தும் எகிறும், விலையும் எகிறும். அடி விழும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. வினைத்தொகையாக எகிறடி என்று வைத்தால் திசையும் இருக்கும், அடியும் இருக்கும், எழுத்தும் கூடாது. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள். இற்று, எற்று பற்றிய இழையை நாளை தொடங்குகிறேன்.