டி750 போதாதா? மிரர்லெஸ் வாங்கியே ஆகணுமா?

தெப்பக்குளத்தான்:
மதுரைக் கல்யாண மண்டபங்களில் படம் எடுக்கிற பாதிப் பேர் கையில் இப்போது மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா. மீதிப் பேர் இஎம்ஐ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது 2014-இல் வந்த நிக்கான் டி750, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர். மாற்றுகிற எண்ணம் இல்லை. கஸ்டமர் கைக்குக் கடைசியில் போவது 12×36 அங்குல ஆல்பம். விரிக்காமல் ஒரு பக்கம் 12×18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாக வைத்தாலும் 5400×3600 பிக்சல் போதும். டி750 கொடுப்பது 6016×4016. இதற்கு மேல் எதற்கு? வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்கவா?

பரவை பாண்டி:
ஒரு பக்கத்துக்குச் சரிண்ணே. இப்போது டிசைனர்கள் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் இழுத்துப் போடுகிறார்களே? 36 அங்குலத்துக்கு 10,800 பிக்சல் வேண்டுமே?

தெப்பக்குளத்தான்:
45.7 மெகாபிக்சல் டி850-இலேயே அகலம் 8256தான். உங்கள் கணக்குப்படி அதுவும் தேறாது. ஆனால் அச்சாகி வந்த ஆல்பத்தைப் பார்த்து யாராவது குறை சொன்னார்களா? ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டுகிறவர்கள் தேடுவது நகை எடுப்பாகத் தெரிகிறதா, தாய்மாமன் படம் இருக்கிறதா என்பதைத்தான். தாய்மாமன் படம் விட்டுப்போனால் வருகிற சண்டைக்கு எந்தச் சென்சாரும் உதவாது.

கூடல்நகர் கேண்டிட்:
மெகாபிக்சலை வைத்துப் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் அண்ணே. அதற்காக யார் மாறினார்கள்? நான் மாறியது ஃபோகஸுக்காக. டி750-இல் 51 ஃபோகஸ் புள்ளி, எல்லாம் நடுவில் கூடிக் கிடக்கும். பெண்ணின் முகம் ஓரத்தில் வர வேண்டுமென்றால் நடுவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்ப வேண்டும். 85 எம்எம் லென்ஸின் துளையை 1.8-க்கு அகலத் திறந்து வைத்து அப்படித் திருப்பினால் கண் மங்கிப்போய்க் காது ஷார்ப்பாக நிற்கும். 2018-இல் வந்த சோனி ஏ7 III-இல் 693 புள்ளி, ஃபிரேமில் 93 சதவீதம் வரை பரவியிருக்கிறது. கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது.

தாலி கட்டுகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை குனிகிறார், நாத்தனார் விளக்கோடு குறுக்கே வருகிறார், நாலாபக்கமும் இருந்து அட்சதை விழுகிறது, வீடியோக்காரர் முதுகு பாதி ஃபிரேமை மறைக்கிறது. முடிச்சு விழ எத்தனை நொடி ஆகும்? "இன்னொரு தடவை கட்டுங்க" என்று கேட்க முடியுமா? (கேட்ட ஆட்களும் உண்டு, அது தனிக்கதை.) அந்த நேரத்தில் ஃபோகஸ் புள்ளியைத் தேடி விரல் ஓடக்கூடாது.

அப்புறம், டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் வேறு, படம் பதிகிற சென்சார் வேறு. லென்ஸுக்கு லென்ஸ் ஃபோகஸ் முன்னே பின்னே தள்ளும். மிரர்லெஸ்ஸில் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் அந்தத் தலைவலி கிடையாது. சைலண்ட் ஷட்டர் போட்டால் சத்தமும் இல்லை.

தெப்பக்குளத்தான்:
கெட்டிமேளம் கொட்டும்போது என் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது தம்பி?

வாடிப்பட்டி லென்ஸ்:
அந்தச் சைலண்ட் ஷட்டரை மேடை எல்இடி விளக்குக்கு அடியில் போட்டுப் பாருங்கள், முகத்தில் வரிவரியாகக் கோடு விழும். சென்சாரை வரிசை வரிசையாகப் படிப்பதால் விளக்கு மினுக்குவதும் சேர்ந்து பதிகிறது. மொத்தச் சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கிற ஏ9 III-ஐச் சோனி 2023-இல்தான் அறிவித்தது. அதன் விலையைக் கேட்டால் ஆல்பத்தோடு மண்டப வாடகையையும் நாமே வசூலிக்க வேண்டியிருக்கும்.

நான் ஜல்லிக்கட்டு எடுக்கிறவன். கண் ஃபோகஸைப் பற்றி இத்தனை பெருமை வேண்டாம். பாலமேட்டில் மாடு வாடிவாசலைத் தாண்டியதும் ஒரே நிற பனியனில் ஏழெட்டுப் பேர் பாய்வார்கள். திமிலைப் பிடித்தவன் முகம் மாட்டின் கழுத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கேமரா என்ன செய்யும்? பின்னால் தடுப்புக்கட்டையில் உட்கார்ந்து விசில் அடிக்கிறவர் கண்ணில் போய்க் கட்டத்தை வைக்கும். நான் அதை அணைத்துவிட்டு, சின்னக் கட்டத்தைத் திமில் மேல் வைத்துத்தான் எடுக்கிறேன். ஆனால் டி750-இன் நொடிக்கு 6.5 படம் அங்கே பத்தாது. அதனால் தை மாதம் மட்டும் புது பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) வாடகைக்கு எடுக்கிறேன். இரண்டு நாள் ஆட்டத்துக்கு வருஷம் முழுக்கத் தவணை கட்டுவானேன்?

மேலூர் வீடியோ:
எல்லோரும் ஸ்டில்லையே பேசுகிறீர்கள். டி750-இல் 4கே கிடையாது. இப்போது வருகிற பார்ட்டி முதலில் கேட்பதே அதைத்தான்.

தெப்பக்குளத்தான்:
கேட்பார்கள். மண்டப வாசலில் இருக்கும் எல்இடி வாலுக்கு நீங்கள் அனுப்புவது ஃபுல் எச்டிதானே? பென் டிரைவில் கொடுத்த 4கே-யை எத்தனை வீட்டில் ஓட்டிப் பார்த்தார்கள்?

மேலூர் வீடியோ:
பார்க்கிறார்களோ இல்லையோ, கொட்டேஷனில் 4கே என்று இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போகிறது. இது தொழில் அண்ணே, தர்க்கம் இல்லை. எடிட்டில் நெருக்கமாக வெட்டிக்கொள்ளவும் 4கே உதவும்.

செல்லூர்க்காரன்:
நான் பொழுதுபோக்குக்கு எடுப்பவன். அழகர் ஆற்றில் இறங்கும்போது விடிந்தும் விடியாத வெளிச்சம், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்வை) 6400-க்கு ஏற்றாமல் வேலை நடக்காது. போதாததற்குத் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் போட்டு என் பழைய கேமராதான் போய்வருகிறது. படம் கெடுவது எப்போதும் முன்னால் நிற்கிறவர் செல்ஃபோனைத் தூக்குவதால்தான்.

கூடல்நகர் கேண்டிட்:
பொழுதுபோக்குக்குச் சரிதான் சார். தொழிலில் இருப்பவர் நாலைந்து வருஷம் தள்ளி யோசிக்கணும். ஈஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் III-தான் கடைசி உயர்ரக டிஎஸ்எல்ஆர் என்று கேனான் 2021-லேயே சொல்லிவிட்டது. புது லென்ஸ் எல்லாம் மிரர்லெஸ் மவுண்ட்டுக்குத்தான் வருகிறது. உங்கள் பாடிக்கு விலை நாளுக்கு நாள் இறங்குகிறது, இப்போதே தள்ளிவிடுங்கள்.

தெப்பக்குளத்தான்:
இறங்கட்டுமே. எனக்கு இரண்டாவது பாடி சல்லிசாகக் கிடைக்கும். தாவுகிறவர்கள் செலவைப் பாடியோடு நிறுத்திக் கணக்குப் போடுகிறார்கள். என் 80-200 டி லென்ஸை, நிக்கான் மிரர்லெஸ்ஸில் பழைய லென்ஸைப் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் போய்விடும், ஏனென்றால் அதை ஓட்டுகிற மோட்டார் லென்ஸில் இல்லை, பாடியில்தான் இருக்கிறது. அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. ஆக லென்ஸும் புதிது. பேட்டரி? டி750 ஒரு சார்ஜுக்கு 1230 படம் என்பது கம்பெனிக் கணக்கு. நீங்கள் சொன்ன ஏ7 III-க்கு வியூஃபைண்டரில் 610. 2018-இல் நிக்கானின் முதல் இசட்6 வந்தபோது கார்டு ஸ்லாட் ஒன்றுதான். கல்யாண வேலைக்கு ஒரே கார்டை நம்பி யார் போவார்கள்? 2020-இல் இசட்6 II வந்த பிறகுதான் இரண்டாவது ஸ்லாட் கிடைத்தது.

பரவை பாண்டி:
அப்போது வாங்காமல் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

கூடல்நகர் கேண்டிட்:
காத்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் எனக்குத் தப்பிய முகங்கள் குறைந்ததும் உண்மை. ஃபோகஸ் போன படங்களைக் கழிக்கிற வேலை இப்போது பாதியாகிவிட்டது. அது உங்கள் கணக்கில் எங்கே வருகிறது?

தெப்பக்குளத்தான்:
வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் லென்ஸ் துளையை எஃப் 4-க்குச் சுருக்கி ஃப்ளாஷ் போட்டு எடுக்கிறவன், எனக்கு அந்தக் கழிவு குறைவு. 1.8-இலேயே, போஸ் கேட்காமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட் ஆளுக்கு உங்கள் கேமராதான் சரி. இருக்கட்டும், உங்கள் பழைய டி750-ஐ விற்றாச்சா?

கூடல்நகர் கேண்டிட்:
இல்லை, பீரோவில்தான் இருக்கிறது. ஷட்டர் 90,000 சொச்சம் தடவை ஓடியிருக்கிறது.

தெப்பக்குளத்தான்:
ஒன்றரை லட்சம் தடவை என்று நிக்கான் சொல்லியிருக்கிறது, இன்னும் ஓடும். பேட்டரி இரண்டும் சேர்த்து என்ன விலை என்று தனியாகச் சொல்லுங்கள். இங்கே போட்டால் பாண்டி முந்திக்கொள்வார்.