திருகோணமலையில் ஒரே மீன், ஊருக்கு ஊர் வேறு கறி: உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளிப் பக்கம் ஹோட்டலில் தங்கி, சுட்ட இறாலும் பொரித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு "திருகோணமலைச் சாப்பாடு பரவாயில்லை" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது எந்தக் கடற்கரையிலும் கிடைக்கிற சாப்பாடு. இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கொஞ்சம் பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்தவர்கள்) என்று எல்லோரும் ஒரே கடல் மீனைத்தான் வாங்குகிறார்கள், ஆனால் அடுப்புக்குப் போனதும் அது வீட்டுக்கு வீடு வேறு சாமானாகிவிடுகிறது. நான் வேலை விஷயமாக வந்து இங்கே அறை எடுத்து இருக்கிறவன், சமைக்கத் தெரியாது, ஆகவே ஊர் முழுக்கத் தின்று பார்க்கிற பாக்கியம் தானாகவே அமைந்தது.

விடியப்புறம் திருக்கடலூர்க் கரைக்குப் போங்கள். வள்ளம் வந்ததும் சூடை, கீரி, சூரை, பாரை எல்லாம் கூறு கூறாகக் கிடக்கும், விலை பேசுகிற சத்தத்தில் அலைச் சத்தம் கேட்காது. எனக்கு அறை தந்த அக்கா சூடை வாங்கினால் சொதிதான் வைப்பார். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், வெந்தயம், தேங்காய்ப்பால், அவ்வளவுதான். தேசிக்காயை மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிவார், கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடுமாம். இடியப்பம் அதில் ஊறி வரும்போது பேச்சே வராது. சூரை என்றால் புளிக் குழம்பு, அதை அன்றைக்குச் சாப்பிடுவதைவிட மறுநாள் காலையில் தண்ணிச்சோற்றோடு சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் மீன் வாடையே இருக்காது. அன்றைக்கு நான் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் போய்ச் சைவக் கடையில் தோசையும் உளுந்து வடையும்.

அப்புறம் கிண்ணியா, முஸ்லிம்கள் கூடுதலாக இருக்கிற ஊர். 2009ல் பாலம் திறக்கும்வரைக்கும் அங்கே போக 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும், இப்போது 396 மீற்றர் பாலத்தில் பஸ் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. கூட வேலை செய்கிற நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சஹனில் சோறு, நான்கு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில். அதே சூரை அங்கே ஆணமாக, அதாவது அவர்கள் வைக்கிற குழம்பாக வந்தது, தேங்காய்ப்பால் கூடுதல், மிளகாய் குறைவு, எங்கள் அக்காவின் குழம்பு மாதிரி கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஆனால் நான் மறக்காதது பக்கத்தில் வைத்த மட்டி, களப்புச் சிப்பி. தேங்காய்ப்பூ (துருவல்) போட்டு வறட்டியிருந்தார்கள். வெட்கப்படாமல் திரும்பக் கேட்டேன். நானாவின் உம்மா உள்ளே இருந்து, "நல்லாத் தின்னு மகன், அது இந்தக் களப்புல கிடைக்கிறதுதானே" என்றார். தம்பலகாமக் குடாவைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அது சாதாரணம், நகரத்தில் அதைப் போடுகிற கடை எதுவும் என் கண்ணில் படவில்லை.

சீனக்குடாப் பக்கம் ஒரு சிங்கள அம்மாவின் சோற்றுப் பார்சலையும் சொல்ல வேண்டும். சூரையைக் கொறக்காப் புளியும் மிளகும் போட்டு வற்ற வற்றக் காய்ச்சி, கறுப்பாக, குழம்பே இல்லாமல் வைப்பார், அம்புல்தியல். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் கெடாது. தெற்கிலிருந்து வந்த சமையல். தண்ணிச்சோற்றுக்கு நம்முடைய பழங்குழம்புதான் வெல்லும், ஆனால் பார்சல் கட்டி வேலைக்கு எடுத்துப்போக இதை அடிக்க ஆள் இல்லை.

கிண்ணியாக்காரன்:
தம்பி, மட்டியை எழுதிவிட்டுத் தயிரை விட்டுவிட்டீங்களே! எருமைத் தயிர், மண் முட்டியில், கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் கணக்கு. கிண்ணியாவிலும் வாங்கலாம், தம்பலகாமத்திலும் வாங்கலாம், எது நல்லது என்று கேட்டால் சண்டை வரும். தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல், வயலோடு மாடு. மேய்ச்சல் தரை குறைந்துபோனது என்று பட்டிக்காரர்கள் புலம்புகிறார்கள், முட்டி விலை ஏறுவதும் அதனால்தான். நோன்பு மாதத்தில் வாங்க. அஸர் (பின்னேரத் தொழுகை) முடிந்த பிறகு பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள், பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி. யார் போனாலும் ஊற்றுவார்கள்.

பாலையூற்று:
எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை, லூர்து மாதா திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போய்விடுவீர்கள். பக்கத்து வீடு பறங்கிக் குடும்பம், தாத்தா தச்சுவேலைக்காரர், பாட்டியும் அவரும் தங்களுக்குள் கதைப்பது போர்த்துக்கேய மொழி, எங்களோடு தமிழ். நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) ஒரு வாரம் முன்பே லவ் கேக் வாசம் மதில் தாண்டி வரும். ரவை, கஜு (முந்திரிப்பருப்பு), முட்டை மஞ்சள்கரு, பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறிய பூசணி), பன்னீர், சாதிக்காய். மாவில் செய்த கேக் மாதிரிப் பொங்கியிருக்காது, மேலே மொறுமொறு, உள்ளே ஈரம். சின்னத் துண்டுதான் தருவார்கள், பெரிய துண்டு கேட்டால் பாட்டி முறைப்பார். கடையில் விற்கிறது வேண்டாம், அதில் கஜுவைத் தேட வேண்டியிருக்கும்.

புதியவள்:
நான் டிசம்பரில் வரலாம் என்று இருக்கிறேன், மீன் கிடைக்குமா? டச்சுக் குடாக் கரையில் பின்னேரம் இறால் வடையும் மாங்காய் அச்சாறும் விற்பார்களே, அதுவாவது இருக்குமா?

முதலில் எழுதியவன்:
அக்கா, டிசம்பர் வாடைக் காலம், கடல் கொந்தளிக்கும், சின்ன வள்ளங்கள் பல நாள் இறங்காது. மீன் விலை ஏறும். டச்சுக் குடா வண்டில்கள் மழை விட்ட நாளில்தான் வரும், ஆனால் கச்சான் கடலை விற்கிறவர் குடையோடாவது நிற்பார். அந்த மாதம் வீடுகளில் கருவாடும் முருங்கைக்காயும்தான் கறி. அதுவும் நன்றாகத்தான் இருக்கும். உறவினர் யாராவது இங்கே இருந்தால் அவர்கள் வீட்டில் தங்குங்கள், ஹோட்டலில் கருவாடு போட மாட்டார்கள். வரும்போது நத்தாரை ஒட்டி வந்தால் பாலையூற்றுப் பாட்டியிடம் ஒரு துண்டு கேட்டுப் பார்க்கலாம், பாலையூற்று அண்ணா ஒத்துக்கொண்டால்.

பாலையூற்று:
நான் ஒத்துக்கொள்வேன். பாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன்.