அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன், அரசு ஏதாவது தர வேண்டாமா?

கேள்வி:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும், ராத்திரியும் அப்படித்தான். வேலையை விட்டுவிட்டேன். அம்மாவுக்குச் செய்வதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதும்போது மனசு வலிக்கிறது. எந்த நாட்டிலாவது இதற்குப் பணம் தருகிறார்களா? பெற்ற அம்மாவுக்குச் செய்ய எதற்குக் காசு என்று அண்ணனே கேட்கிறார்.

பதில் 1:
பிரிட்டனில் 1976லிருந்து தருகிறார்கள், இப்போது வாரம் 35 மணி நேரமாவது கவனித்துக்கொள்பவருக்குக் கிடைக்கும். ஆரம்பத்தில் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற நினைப்பு. ஒரு பெண் வழக்குப் போட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகுதான் 1986ல் அது மாறியது. உங்கள் அண்ணன் கேட்கிற கேள்வியும் அதேதான், கோபப்படாமல் சொல்லிப் பாருங்கள். ஆனால் அங்கே ஒரு பெரிய சிக்கல், பகுதி நேர வேலைக்குப் போய் வருமான வரம்பை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்துத் தொகை முழுவதும் போய்விடும், தெரியாமல் தாண்டியவர்களிடம் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

பதில் 2:
மாதாமாதம் வரும் காசைவிட ஓய்வூதியம்தான் முக்கியம் என்பேன். நான் அப்பாவுக்காக விட்ட வருடங்கள் என் கணக்கில் வெற்றிடமாகவே நிற்கின்றன, அப்பா போன பிறகுதான் அது உறைத்தது. ஜெர்மனியில் 1995ல் பராமரிப்புக் காப்பீடு வந்தது. பணம் நோயாளியின் பெயரில் வரும், பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு அவர் கொடுக்கலாம். அதோடு, வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் பராமரிப்பவருக்காக ஓய்வூதியப் பங்களிப்பையும் அந்தக் காப்பீடே கட்டுகிறது, வெளிவேலை வாரம் 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் செய்வதையும் வேலை என்று எழுதிவைப்பது என்றால் இதுதான்.

பதில் 3:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஜப்பானில் 2000ல் இந்தக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது குடும்பத்தாருக்குப் பணம் என்பதையே சேர்க்கவில்லை. காசைக் கொடுத்தால் மருமகளை வீட்டோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று பெண்கள் அமைப்புகளே எதிர்த்தன. அதற்குப் பதிலாக வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேரக் காப்பகம், சில நாள் தங்கவைக்கும் இடம். மாமியாரை ஆறு வருடம் பார்த்தவள் நான். அப்போது யாராவது பணம் வேண்டுமா, ஒரு வாரத் தூக்கம் வேண்டுமா என்று கேட்டிருந்தால் தூக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி கேட்டவர்:
தூக்கம் என்று படித்ததும் அழுதுவிட்டேன் அக்கா. சம்பளம் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன், ஓய்வூதியம் என் நினைவிலேயே இல்லை. இதையெல்லாம் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். வரும் சனிக்கிழமை ராத்திரி அம்மா அறையில் அவர் படுத்துக்கொள்கிறாராம். எப்படிப் புரட்ட வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.