போர்வெல் மோட்டார் வேலைக்கு வண்டி: சிஎன்ஜி சூப்பர் கேரியா, டீசல் தோஸ்தா?

பம்ப்செட்_கிணத்துக்கடவு

வணக்கம்ங்க. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கி ஏத்துற வேலை, கூடவே பிளம்பிங். கிணத்துக்கடவு, நெகமம், சுல்தான்பேட்டை சுத்துவட்டாரம். ஒரு நாளைக்கு 50–60 கிலோமீட்டர், மாசம் 26 நாள். கூட ரெண்டு ஆள் வருவாங்க. போர் ஆழம் பெரும்பாலும் 800 அடி. மோட்டாரைத் தூக்கற முக்காலி, செயின் பிளாக், கிளாம்ப், பைப் ரெஞ்ச், கேபிள் சுருள், மோட்டார், தேவைக்கு ஜிஐ பைப். இதுதான் லோடு. கையில இருக்கறது, லோனோட சேர்த்து, 8 லட்சம். மாருதி சூப்பர் கேரி சிஎன்ஜி, அசோக் லேலண்ட் தோஸ்த் டீசல், ரெண்டுல எது? குட்டி யானையும் (டாடா ஏஸ்) மனசுல இருக்குது. ஓட்டி, பிரிச்சுப் பார்த்த அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டீசல்_பல்லடம்

தோஸ்த் எடுங்க. காரணம் மைலேஜ் இல்லீங்க, எடை. ஒன்றேகால் இஞ்ச் மீடியம் ஜிஐ பைப் மீட்டருக்கு 3 கிலோ சொச்சம். 20 அடி லெங்த் ஒண்ணு 19 கிலோ. 800 அடிக்கு 40 லெங்த். ஆக 760 கிலோ பைப் மட்டும். சூப்பர் கேரி சிஎன்ஜிக்கு கம்பெனி கொடுக்கற சுமை 625 கிலோ. பெட்ரோல் மாடலுக்கு 740, சிலிண்டர் ஏறினதும் 115 கிலோ போயிடுது. அதுக்குள்ளயே முக்காலி, மோட்டார், ஆள், நீங்க பின்னாடி அடிக்கப்போற டூல் பாக்ஸ் எல்லாம் அடங்கணும். கேரியரும் பெட்டியும் இரும்புல அடிச்சா சுலபமா 100 கிலோவைத் தாண்டும், அதை யாரும் கணக்குல சேர்க்கறதில்லை. தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி. 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், நிமிஷத்துக்கு 1600 சுத்துலயே முழு இழுவை வந்துடும். தோட்டத்து மண் பாதையில ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சைத் தேய்க்காம ஏறும். சிஎன்ஜி வண்டியில 95 நியூட்டன் மீட்டர் இழுவையை வச்சுக்கிட்டு ரேஸ் குடுத்துத்தான் ஏத்தணும், கிளட்ச் பிளேட் சீக்கிரமே போகும்.

கேஸ்வண்டி_திருப்பூர்

அண்ணா, 760 கிலோ கணக்கு சரிதான். ஆனா அந்த 760 கிலோவை என்னிக்கு ஏத்துவீங்க? ரிப்பேர் வேலையில பைப்பைக் கழட்டிக் கிணத்தோரமாத்தான் அடுக்கி வைப்போம். ரீவைண்டிங் கடைக்குப் போறது மோட்டாரும் பம்பும், மீறிப்போனா பழுதான ரெண்டு மூணு லெங்த். புது போர்னா பைப் கடைக்காரர் வண்டியிலயே தோட்டத்துல இறங்கிடுது. அன்றாடம் வண்டியில இருக்கறது முக்காலி, செயின் பிளாக், டூல்ஸ், கேபிள், ஒரு மோட்டார். கூட்டிப் பாருங்க, 350 கிலோவைத் தாண்டினா ஆச்சரியம்.

மாசத்துக்கு ரெண்டு நாள் வர்ற லோடுக்காக மீதி 24 நாளும் பெரிய வண்டியைச் சுமக்கறது தொழிலுக்கு ஆகாது. அந்த ரெண்டு நாளைக்கு வாடகை வண்டி பிடிச்சு, வாடகையை பில்லுல சேர்த்துடலாம்.

இன்னொண்ணு, 20 அடி பைப் தோஸ்துலயும் அடங்காது. வண்டி நீளமே 4.63 மீட்டர், பைப் 6.1 மீட்டர். மேல கேரியர் அடிச்சு, முன் பம்பர் நேருக்கே தள்ளி வச்சாலும் ஒன்றரை மீட்டர் பின்னாடி நீட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) படி பாடிக்கு வெளிய நீட்டுற லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதனால "பெரிய வண்டி எடுத்தா பைப் கவலை தீர்ந்துது" அப்படிங்கறது சரியில்லை.

டீசல்_பல்லடம்

நீட்டுற விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஆள் கணக்கை விட்டுட்டீங்க, தம்பி. அவருக்குக் கூட ரெண்டு பேர். சூப்பர் கேரியில டிரைவரும் ஒருத்தரும்தான். குட்டி யானையும் அப்படியே. தோஸ்த் கேபின்ல மூணு பேர் உட்காரலாம். மூணாவது ஆளைப் பின்னாடி தொட்டியில உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதான், அதனாலயே அது சரின்னு ஆயிடாது. சரக்கு வண்டித் தொட்டியில ஆள் ஏறி விபத்தாச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம், இழப்பீடு ஓனர் தலையில விழலாம். கூலிக்கு வர்ற குடும்பத்துப் பிள்ளைங்க அவங்க. இதை வண்டி விலையைவிடப் பெரிய விஷயமா எடுத்துக்கணும்.

ஃபிட்டர்_சூலூர்

எடையும் சீட்டும் பேசறீங்க. எஞ்சின் பத்தி நான் சொல்றேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியை, பழைய டீசல் மாதிரி நினைச்சு எடுக்கக் கூடாதுங்க. சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கு. கரியைப் பிடிச்சு வச்சுக்கும், நிறைஞ்சதும் 550–600 டிகிரி சூட்டுல தானா எரிச்சுக்கும். அந்தச் சூடு வர, எஞ்சின் நல்லா காய்ஞ்சு, சீரான வேகத்துல 15–20 நிமிஷம் ஓடணும்.

கேள்வி கேட்டவரோட ஓட்டத்தைப் பாருங்க. 8 கிலோமீட்டர் போய் தோட்டத்துல மூணு மணி நேரம் நிக்கும். அப்புறம் 5 கிலோமீட்டர் கடைக்கு. திரும்ப 5. எரிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடுவாங்க. எரிக்கறதுக்குன்னு கூடுதலா அடிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் குறையாம ஏறிட்டே போனா அதுதான் அடையாளம். ஆயில் நீர்த்தா முதல்ல அடி வாங்கறது டர்போ பேரிங், அடுத்து கிராங்க் பேரிங். கூடவே புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள விடற ஈஜிஆர் வால்வுல கரி கட்டும், பிக்கப் குறையும், வேகம் ஏறாத லிம்ப் மோடுக்குப் போயிடும்.

இதுக்கு வழியே இல்லைன்னு சொல்லலை. வாரத்துக்கு ஒரு தரம் பைபாஸ்ல 60 வேகத்துல அரை மணி நேரம் விடணும். டிபிஎஃப் விளக்கு எரிஞ்சா அன்னிக்கே ஓட்டணும், "நாளைக்குப் பாக்கலாம்"னு விட்டா ஒர்க்ஷாப்ல கம்ப்யூட்டர் போட்டுத்தான் எரிக்க முடியும். ஆயில் குறைந்த சாம்பல் வகை, மேனுவல்ல போட்டிருக்கற கிரேடேதான். டிராக்டருக்கு வாங்கின ஆயில் மிச்சத்தை ஊத்தினீங்கன்னா டிபிஎஃப்ல சாம்பல் படியும், அது எத்தனை எரிச்சாலும் போகாது.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துடலாம்னு சிலர் சொல்லுவாங்க, கேட்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி வண்டி அமைப்பை மாத்தறது குற்றம், எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் மாட்டிக்கும்.

டீசல்_பல்லடம்

ஃபிட்டர் அண்ணன் சொன்னது நகரத்துக்குள்ள 3 கிலோமீட்டர் சுத்துற வண்டிக்கு முழுசாப் பொருந்தும். சுல்தான்பேட்டையிலிருந்து கிணத்துக்கடவு வர்றது அப்படி இல்லீங்களே. பொள்ளாச்சி ரோட்டுல ஏறினா ஒரே சீரா போகலாம். 55 கிலோமீட்டர்ல பாதி ரோட்டு ஓட்டம்னா டிபிஎஃப் பெரிய தொல்லையா வராது. டீசலைக் கேன்ல வாங்கி ஊத்தாம, ஃபில்டர் அடியில இருக்கற தண்ணி வடிகாலை நேரத்துக்குத் திறந்து விட்டாலே இன்ஜெக்டர் நல்லா உழைக்கும்.

ஃபிட்டர்_சூலூர்

பாதி ரோட்டு ஓட்டமா இருந்தா சரி. அவர் ஒரு வாரம் ஒவ்வொரு ஓட்டத்தையும் கிலோமீட்டரோட எழுதி வைக்கட்டும். நாளைக்கு 55 அப்படிங்கறது பதினோரு அஞ்சா, ரெண்டு இருபத்தேழரையா அப்படிங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

சிஎன்ஜிக்கும் வேலை உண்டு, அதையும் கேளுங்க. ஸ்பார்க் பிளக் பெட்ரோல்ல வர்ற அளவு வராது, முன்கூட்டியே மாத்தணும். ஏர் ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் வண்டியைவிட சீக்கிரம் தெரியும், நம்ம பக்கத்து செம்மண் புழுதிக்கு மாசம் ஒரு தரம் ஊதணும். கேஸ்ல ஓடற வண்டிக்கு வால்வு சீட் தேயும், டேப்பெட் கேப்பை, அதான் வால்வு இடைவெளியை, செக் பண்ணச் சொல்லிக் கேட்டு வாங்கணும், சர்வீஸ்ல தானா செய்ய மாட்டாங்க. சூப்பர் கேரியில பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர். அதைக் காலியா விட்டு ஓட்டாதீங்க. உள்ள இருக்கற பம்ப் பெட்ரோல்லதான் குளிர்ச்சி ஆகுது. எப்பவும் 2 லிட்டருக்குக் குறையாம வச்சு, வாரம் நாலஞ்சு கிலோமீட்டர் பெட்ரோல்ல ஓட்டினா இன்ஜெக்டரும் அடைக்காது. எஞ்சின் சீட்டுக்கு அடியில இருக்கறதால வெயில் காலத்துல கேபின் சூடு தெரியும்.

கேஸ்வண்டி_திருப்பூர்

அதோட ஒண்ணு. சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தரம் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தச் சோதனை) செய்யணும். தேதி போன தகடோட போனா பங்க்ல கேஸ் அடிக்க மாட்டாங்க, அடிக்கவும் கூடாது, 200 பார் அழுத்தம். சிலிண்டர் 70 லிட்டர் கொள்ளளவு, அதுல நடைமுறையில 10 கிலோ பக்கம்தான் ஏறும். கிலோவுக்கு 18 ஓடினா 180 கிலோமீட்டர், அவருக்கு மூணு நாள். கம்பெனி சொல்ற 23-ஐ எதிர்பார்க்காதீங்க. கோவையில இந்தியன் ஆயில் பங்க்குகள்ல கேஸ் கிடைக்குது, ஆனா உங்க அன்றாட வழியில எது இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. கேஸுக்காக 12 கிலோமீட்டர் சுத்தணும்னா லாபம் அங்கயே போச்சு.

பேட்டரி_அவிநாசி

எலக்ட்ரிக் ஏன் யாரும் சொல்லலை? டாடா ஏஸ் இவி 21.3 யூனிட் பேட்டரி, கம்பெனி கணக்குல 154 கிலோமீட்டர். லோடோட 100 வந்தாலும் 55-க்கு தாராளம். ஆயில், டிபிஎஃப், பிளக் எதுவும் இல்லை. குறுகிய ஓட்டம், நிறைய நிறுத்தம், இதுக்கேத்தது இதுதான்.

டீசல்_பல்லடம்

ஓட்டத்துக்குச் சரி, விலைக்கு? 8 லட்சத்துல அடங்காது. சுமையும் அந்த மாடல்ல 600 கிலோ, சீட்டும் ரெண்டுதான்.

கணக்கர்_ஈரோடு

எண்ணிக்கையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம். 55 கி.மீ., 26 நாள், 12 மாதம்: ஆண்டுக்கு 17,160 கி.மீ. டீசல் லிட்டர் 93 ரூபாய், தோஸ்த் கலப்பு ஓட்டத்தில் 15 கி.மீ. என்று கொண்டால் கி.மீ.க்கு 6.20. சிஎன்ஜி கிலோ 90, 18 கி.மீ. என்றால் 5.00. வித்தியாசம் 1.20, மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய். வண்டி விலையில் வித்தியாசம் 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 11 சதவீத வட்டி, 60 தவணை: லட்சத்துக்கு மாதம் 2,174, ஆக 4,350 ரூபாய். சிஎன்ஜி பக்கம் மாதம் 6,050 மிச்சம்.

இதில் மூன்றாவது ஆளைக் கழிக்க வேண்டும். அவர் எக்ஸ்எல் மொபெட் வண்டியில் தனியாக வந்தால் 55 கி.மீ.க்கு 1.1 லிட்டர் பெட்ரோல், நாளைக்கு 110 ரூபாய், மாதம் 2,860. மிச்சம் 3,200-க்குச் சற்றுக் குறைவாகிறது. மாதம் ஒருமுறை வாடகை வண்டி பிடித்தால் அதுவும் போகும். ஆகவே பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் நெருங்கியே நிற்கின்றன. முடிவு செய்ய வேண்டியது மேலே நீங்கள் பேசிய எடையும் ஆளும்தான்.

இரண்டுக்கும் பொதுவானவை: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். எஃப்சி எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். மூன்றாம் நபர் காப்பீடு 7,500 கிலோ வரை ஒரே வகுப்பு, ஆகவே பெரிய வண்டி என்பதால் அதில் கூடுதல் இல்லை. சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முறையான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்கலாம். காம்போசிஷன் (சிறு வணிகருக்கான எளிய வரி) திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது. இதை எண்ணி ஐந்து சீட் பயணி வேன் வாங்கிவிடாதீர்கள், அதற்கு அந்த வரவு கிடையாது. வண்டியில் இருக்கும் கருவிகள் மோட்டார் பாலிசியில் வராது, தனியாகப் போட வேண்டும்.

பம்ப்செட்_கிணத்துக்கடவு

எல்லாருக்கும் நன்றிங்க. சாமானை எல்லாம் எடை போட்டேன்: முக்காலி, செயின் பிளாக், கிளாம்ப், டூல்ஸ், கேபிள், 5 ஹெச்பி பம்ப்செட் சேர்த்து 310 கிலோ. கூட ஒரு ஆள் 65. கேரியரும் பெட்டியும் 100-க்குள்ள அடிச்சா 475. பைப்புக்கு 150 கிலோ மிச்சம், ஜிஐ ஏழு லெங்த். புது வேலையெல்லாம் 10 அடி யூபிவிசி (பிளாஸ்டிக்) ‘காலம்’ (column) பைப்புக்கு, அதான் மோட்டார் தொங்குற பைப்புக்கு, மாறிட்டு வருது. அதுன்னா நீளமும் அடங்கும், எடையும் ஜிஐயில மூணுல ஒரு பங்குகூட வராது. சூப்பர் கேரி பக்கம்தான் மனசு போகுது. ஒரு ஆள் எக்ஸ்எல்ல வருவார்.

டீசல்_பல்லடம்

475 கிலோ தினமும் ஏறி நிக்கும்னா அது 625-ல முக்கால் பங்கு, எப்பவும். பட்டை ஸ்பிரிங்கும் 13 இஞ்ச் டயரும் அதுக்கேத்த மாதிரிதான் தேயும், நான் இன்னும் தோஸ்த்தான் சொல்லுவேன். 800 அடிக்கு யூபிவிசி இறக்கறதா இருந்தா பைப் கிளாஸையும் பார்த்துக்கோங்க, ஆழத்துக்கேத்த ஹெவி வகை போடாட்டி கப்ளிங்ல அறுந்து மோட்டாரே உள்ள விழும். வண்டி எடுக்கறதுன்னே ஆனா, காலி வண்டியை ஷோரூம் ரோட்டுல ஓட்டிப் பார்த்துட்டு கையெழுத்துப் போடாதீங்க. 450 கிலோ ஏத்தச் சொல்லுங்க. கேஸ் மோடுல வச்சு, மேட்டுல பாதியில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் விட்டு மறுபடி ஏத்துங்க. மூணு தரம் ஏத்தினதும் கிளட்ச் கருகுன வாடை வந்தா திரும்பி வாங்க.

கேஸ்வண்டி_திருப்பூர்

அதே சோதனையை தோஸ்துலயும் செய்யச் சொல்லுங்கண்ணா, அப்பத்தான் ஒப்பிட முடியும். பெட்டி அடிக்கும்போது கனமான சாமானைப் பின்கதவுப் பக்கம் வைக்காதீங்க, கேபினை ஒட்டி வைங்க. பின்னாடி எடை தொங்கினா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும், மண் பாதை இறக்கத்துல அது ஆபத்து.